தளத்தை முடக்கினால் மறுநாளே மிரர்: பதிப்புரிமை வழக்குகளால் ஆவது என்ன?

மூன்றாம்வரிசை (இழையைத் தொடங்கியவர்)

படம் வெளியான அன்றே இணையத்தில் வந்துவிடுகிறது. தயாரிப்பாளர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார், முடக்க உத்தரவு வாங்குகிறார். மறுநாள் அதே தளம் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மிரராக (நகல் தளமாக) வந்து நிற்கிறது.

பைரேட் பே என்ற டொரண்ட் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் தொடங்கியது. 2006 மே 31 அன்று ஸ்வீடன் போலீஸ் புகுந்து சர்வர்களை அள்ளிக்கொண்டு போனது. மூன்றே நாளில் தளம் திரும்பி வந்தது. 2009-இல் நான்கு பேருக்கு ஓராண்டு சிறை, 3 கோடி குரோனா இழப்பீடு என்று தீர்ப்பு. மறு ஆண்டு மேல்முறையீட்டில் மூவரின் சிறைக்காலம் குறைந்தது, இழப்பீடு 4.6 கோடியாக ஏறியது. 2014 டிசம்பரில் மறுபடி ரெய்டு. இரண்டு மாதம் ஆவதற்குள் தளம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.

பைரசி சரியா தவறா என்ற விவாதம் இங்கே வேண்டாம். அது பல இழைகளில் ஓடி ஓய்ந்துவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தடுக்கவே முடியாத ஒன்றின் பின்னால் இத்தனை சட்டம், இத்தனை வக்கீல் செலவு எதற்கு? நடைமுறையில் ஏதாவது நடக்கிறதா?

சர்வர்காரன்

ஏன் தடுக்க முடியவில்லை என்பதற்குத் தொழில்நுட்பப் பதில் முதலில்.

1999-இல் வந்த நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவையில் யாரிடம் என்ன கோப்பு இருக்கிறது என்ற பட்டியல் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. நீதிமன்றம் அந்த ஒரு கழுத்தைப் பிடித்தது, 2001-இல் கதை முடிந்தது. அதே 2001-இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டொரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை வந்தது. இதில் கோப்பு துண்டு துண்டாகிறது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹேஷ் (துண்டு சரியா என்று பார்க்க உதவும் அடையாள எண்) உண்டு, இறக்குகிறவரே ஏற்றுகிறவராகவும் இருக்கிறார். தளத்திடம் இருப்பது துண்டுகளின் விவரப் பட்டியலான டொரண்ட் கோப்பு மட்டும், படம் அல்ல.

2012-இல் பைரேட் பே அதையும் கைவிட்டு மேக்னெட் லிங்குக்கு மாறியது. அது கோப்பின் ஹேஷைத் தாங்கிய ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். தளத்தின் மொத்த மேக்னெட் தொகுப்பும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிட்டது. அதே ஆண்டு சொந்த சர்வர்களை விட்டுவிட்டு வாடகை கிளவுடுக்கும் போனார்கள். யார் யாரிடம் துண்டுகள் இருக்கின்றன என்று சொல்லும் ட்ராக்கர் வேலையை டிஎச்டி என்ற முறையில் பயனர்களின் கணினிகளே தங்களுக்குள் பார்த்துக்கொள்கின்றன. இப்போது போலீஸ் எங்கே போய் எதை அள்ளும்?

ஆனால் டொரண்ட் பழைய கதை. இன்று பெரும்பாலோர் இறக்குவதில்லை, நேரடியாகப் பார்க்கிறார்கள். ஸ்ட்ரீமிங் தளத்தின் முகப்பு ஓரிடம், வீடியோ கிடப்பது வேறொரு ஹோஸ்டிடம் (கோப்புகளை வைத்திருக்கும் சேவையிடம்), டொமைன் பதிவு மூன்றாவது நாட்டில், விளம்பரம் நான்காவது ஆளிடமிருந்து. நடுவில் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி நின்று உண்மையான சர்வரின் ஐபி முகவரியை (இணையத்தில் அதன் எண் முகவரியை) மறைக்கிறது. யாரைக் கேட்டாலும் "படம் எங்களிடம் இல்லை" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

வழக்காடி

> "படம் எங்களிடம் இல்லை" என்பார்கள்

ஐரோப்பாவில் இந்த வாதம் 2017-லேயே அடிபட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பைரேட் பே வழக்கில் சொன்னது இதுதான்: கோப்பு பயனர்களிடம் இருந்தாலும், அதைத் தேடவும் வகை பிரிக்கவும் வசதி செய்து தளத்தை நடத்துகிறவரே பொதுமக்களுக்குப் படத்தைக் கொண்டுசேர்க்கிறார். எனவே அவருக்கும் பொறுப்பு உண்டு.

சிக்கல் சட்டம் இல்லாததில் இல்லை, எல்லையில் இருக்கிறது. 1886-இன் பெர்ன் உடன்படிக்கையால் ஒரு படைப்புக்கு உறுப்பு நாடுகள் எல்லாவற்றிலும் உரிமை கிடைக்கிறது. ஆனால் அந்த உரிமையை அந்தந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். மெகாஅப்லோடு என்ற கோப்பு ஹோஸ்ட் தளம் 2012 ஜனவரி 19 அன்று மூடப்பட்டது. அதன் நிறுவனர் கிம் டாட்காம் நியூசிலாந்தில் பிடிபட்டார். அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் உத்தரவில் நியூசிலாந்து அமைச்சர் கையெழுத்திட்டது 2024 ஆகஸ்டில். பன்னிரண்டு ஆண்டு, அதுவும் இரண்டும் நட்பு நாடுகள்.

அடுத்தது, இடைத்தரகர் பாதுகாப்பு. அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டம் 512-ஆம் பிரிவில், பயனர் ஏற்றியதற்கு ஹோஸ்ட் பொறுப்பல்ல, நோட்டீஸ் வந்ததும் உடனே நீக்கினால் போதும் என்றது. இது இல்லாவிட்டால் யூடியூப் மாதிரி ஒன்று வளர்ந்தே இருக்காது. விளைவு என்னவென்றால், தேடிக் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க உரிமையாளர் தலையில். நீக்கிய கோப்பு ஒரு மணி நேரத்தில் வேறு லிங்கில் வந்தால் புதிய நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

மிரர் பிரச்சினைக்கு நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2018-இல் நகரும் தடையுத்தரவு ஒன்றைத் தந்தது. அதைப் பின்பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 1337எக்ஸ் உள்ளிட்ட தளங்களுக்கு எதிரான வழக்கில், புதிய மிரர் வந்தால் புதிய வழக்கு போடாமல் இணைப் பதிவாளரிடம் மனு கொடுத்தே பட்டியலில் சேர்க்கலாம் என்றது. நீங்கள் சொல்லும் "மறுநாளே மிரர்" என்பதற்கு நேரான பதில் இது.

பாதிடிக்கெட்

டிஎன்எஸ்-ஐ (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவையை) மாற்றினால் பாதித் தடை போய்விடும், இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் போட்டால் மீதியும் போய்விடும். பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்த விஷயத்துக்கு உயர் நீதிமன்ற உத்தரவு. நல்ல வேடிக்கை.

எண்ணாளன்

பாதிடிக்கெட், உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்த மன்றத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் 2012-இல் பைரேட் பேயை மட்டும் முடக்கிப் பார்த்தார்கள். பலன் ஒன்றுமில்லை, மக்கள் வேறு தளத்துக்கு நகர்ந்தார்கள். 2013-இல் 19 தளங்களைச் சேர்த்து முடக்கியபோது அந்தத் தளங்களை நம்பியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் சட்டப்படியான ஸ்ட்ரீமிங் பக்கம் போனதை டனஹர் என்ற ஆய்வாளரின் குழு நடத்திய ஆய்வு காட்டியது. தடையை ஒருவராலும் தாண்ட முடியாது என்பதல்ல இதன் பொருள். தேடிப் பார்த்து, இரண்டு இடத்தில் விளம்பரத்தில் மாட்டி, மூன்றாவது லிங்க் வேலை செய்யாமல் அலுத்துப்போகிறவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். அமலாக்கம் அவர்களைத்தான் தொடுகிறது. பிடிவாதக்காரர்களை எந்தச் சட்டமும் தொடாது.

மெகாஅப்லோடு மூடியதும் இரண்டு பெரிய ஸ்டுடியோக்களின் டிஜிட்டல் விற்பனை, வாடகை வருமானம் 12 நாடுகளில் 6.5 முதல் 8.5 சதவீதம் கூடியது என்று ஓர் ஆய்வு. அதே நிகழ்வைத் தியேட்டர் வசூல் பக்கத்திலிருந்து பார்த்த இன்னோர் ஆய்வில், பெரிய வெளியீடுகளுக்குத்தான் பலன், மற்றவற்றுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. சின்னப் படத்துக்குத் திருட்டுப் பிரதி வாய்வழி விளம்பரமாகவும் வேலை செய்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

ஐரோப்பிய ஆணையமே ஒரு பெரிய ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. 2015-இல் முடிந்த அறிக்கை 2017-இல், அதுவும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கேட்ட பிறகுதான், வெளியே வந்தது. பொதுவாகத் திருட்டுப் பிரதி விற்பனையைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான புள்ளிவிவரச் சான்று இல்லை என்றது அது. புதிய வெற்றிப் படங்கள் மட்டும் விதிவிலக்கு. அப்படிப் பத்துப் படம் திருட்டுத்தனமாகப் பார்க்கப்பட்டால் நான்கு படம் சட்டப்படி பார்க்கப்படாமல் போகிறது.

இந்த 40 சதவீதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு டவுன்லோடும் ஒரு டிக்கெட் நஷ்டம் என்று தயாரிப்புத் தரப்பு சொல்லும் கணக்கும் பொய், நஷ்டமே இல்லை என்று நம் ஆட்கள் சொல்வதும் பொய்.

எடிட்மேசை

வெற்றிப் படக் கணக்கு எல்லாம் சரி. நான் சின்னப் படக்காரன், எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

எங்கள் படம் வெளியாகும் முன்பே ஒரு தேர்வுக் குழுவுக்கு ஆன்லைன் லிங்க் அனுப்பியிருந்தோம். பாஸ்வேர்டு போட்ட லிங்க்தான். அந்தப் பிரதியே வெளியே வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கோப்பைக் கொடுத்திருந்ததால் யாரிடமிருந்து கசிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் பாதுகாப்பு" என்று ஒரு வரி மின்னஞ்சல். ஹோஸ்ட் தளத்தின் புகார்ப் படிவத்தை நிரப்பினால் பதிலே இல்லை. டெலிகிராம் சேனல் ஒன்று மூடப்பட்டது, அதே பெயரில் '2' போட்டு வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து லிங்க் தேடுவதுதான் எங்கள் விளம்பரப் பணி ஆகிவிட்டது.

பெரிய ஸ்டுடியோ இதற்கென்றே கம்பெனி வைத்திருக்கிறது. எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் செலவே ஒரு நாள் படப்பிடிப்புச் செலவு. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதை இயக்க ஆள் வேண்டும்.

எண்ணாளன்

எடிட்மேசை சொன்னதில் "வெளியாகும் முன்பே" என்பது முக்கியம். கார்னெகி மெலன் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், முன்கூட்டியே கசிந்தால் வெளியீட்டுக்குப் பின் கசிவதோடு ஒப்பிடும்போது தியேட்டர் வருமானம் சராசரியாக 19 சதவீதம் குறைகிறது என்று மதிப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வரும் நல்ல பிரிண்ட்டுக்கும் முதல் வார கேம் பிரிண்ட்டுக்கும் இழப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வழக்குகள் "நிரந்தரமாக நிறுத்தினார்களா" என்பதை வைத்து அளக்கப்படுகின்றன. அளக்க வேண்டியது எத்தனை நாள் தள்ளிப்போட்டார்கள் என்பதை.

புரொஜெக்டர்அறை

கசிவின் மூலத்தைக் கண்டுபிடிப்பது பற்றி யாரும் பேசவில்லையே. நான் திரையிடல் பக்கம் வேலை பார்க்கிறவன்.

தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரதி ஏஇஎஸ் 128 என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டது. அதைத் திறக்கும் சாவியான கேடிஎம் தனியாக வரும். குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட தேதி நேரத்துக்குள் மட்டும்தான் அது வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனாலும் பயனில்லை.

அடுத்தது தடயக் குறி. ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் டிசிஐ என்ற டிஜிட்டல் திரையிடல் விதிப்படி திரையிடும் கருவியே படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத 35 பிட் தகவலைச் சேர்க்க வேண்டும். 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் இடத்துக்கு. நேரம் 15 நிமிடப் படிகளில் குறிக்கப்படும்; ஓராண்டின் எல்லாப் படிகளையும் எண்ண 16 பிட் வேண்டியிருக்கிறது. இந்த 35 பிட்டும் படத்தின் ஒவ்வோர் ஐந்து நிமிடப் பகுதியிலும் முழுதாக இருக்க வேண்டும் என்பது விதி. கேமராவில் சாய்வாகப் பிடித்தாலும், சுருக்கினாலும் தாங்கும்படி செய்யப்பட்டது.

ஆகவே எந்த அரங்கம், எந்தக் காட்சி என்று சொல்லிவிடலாம். எந்த இருக்கை என்று சொல்ல முடியாது. அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. காட்சி முடிந்து, பிரதி இணையத்தில் வந்து, அதை ஆய்வுக்கு அனுப்பி, அறிக்கை வரும்போது ஆள் எப்போதோ போயிருப்பான். அடுத்த முறை அந்த அரங்கில் கண்காணிப்பைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

ஓடிடியில் ஒவ்வொரு துண்டையும் ஏ, பி என்று இரண்டு வகையாகத் தயாரித்து, ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு வரிசையில் அனுப்புவார்கள். கசிந்த பிரதியில் அந்த வரிசையைப் படித்தால் எந்தக் கணக்கு என்று தெரிந்துவிடும். ஆனால் அது திருடப்பட்ட அட்டையில் தொடங்கிய கணக்காக இருந்தால்?

எடிட்மேசை சார், இனி தேர்வுக் குழுவுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் தனிக் குறியோடு தனிப் பிரதி கொடுங்கள். பெயரைத் திரையில் பெரிதாகப் போட்டாலே பாதிப் பேர் பகிரத் தயங்குவார்கள். ஆஸ்கர் வாக்காளர்களுக்குப் போன பிரதி கசிந்தபோது குறியை வைத்தே ஆளைப் பிடித்து, 2004-இல் அகாடமியிலிருந்து அவரை நீக்கினார்கள்.

பாதிடிக்கெட்

இவ்வளவு பூட்டும் காசு கொடுக்கிறவனுக்குத்தானே. வைட்வைன் டிஆர்எம்மில் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்) எல்1 என்ற உயர் பாதுகாப்புச் சான்று இல்லாத கருவியில் சந்தா கட்டியும் மங்கலாகத்தான் தெரிகிறது. திருட்டுப் பிரதியோ எந்தப் பெட்டியிலும் பளிச்சென்று ஓடுகிறது. ஒரு படம் இந்தச் சேவையில், அதன் இரண்டாம் பாகம் அந்தச் சேவையில், முதல் பாகம் போன மாதத்தோடு எடுத்தாயிற்று. முதலில் கடையை ஒழுங்காகத் திறங்கள், அப்புறம் திருடனைப் பிடிக்கலாம்.

சர்வர்காரன்

+1. ஆனால் என் கவலை வேறு. முடக்கத்தின் செலவு சம்பந்தமே இல்லாதவர்கள் தலையில் விழுகிறது.

2022 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் 14 தளங்களை முடக்க, ரிவர்ஸ் ப்ராக்ஸி சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 11 ஐபி முகவரிகளை அடைத்தார்கள். ஒரே ஐபிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கும் என்பது இந்தத் துறையில் பாலபாடம். பாவம், அந்தத் தளங்கள் எல்லாம் படுத்தன. இத்தாலியில் 2024 பிப்ரவரி முதல் ஒரு தானியங்கி அமைப்பு ஓடுகிறது. நேரலை விளையாட்டுத் திருட்டுக்காக வந்தது; உரிமையாளர் புகார் கொடுத்த 30 நிமிடத்தில் சேவை நிறுவனங்கள் அடைத்தாக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று அது கூகுள் டிரைவின் ஒரு டொமைனையே அடைத்துவிட்டது.

தானியங்கி நோட்டீஸ் இன்னும் மோசம். 2016-இல் வார்னர் பிரதர்ஸ் சார்பில் இயங்கிய நிறுவனம், வார்னரின் சொந்தத் தளப் பக்கங்களையே தேடலிலிருந்து நீக்கச் சொல்லிக் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.  படத்தைத் தயாரித்தவரையே அடையாளம் தெரியாத இயந்திரத்திடம் நீதிபதி வேலையைக் கொடுக்கிறோம்.

வழக்காடி

அந்த உதாரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தாலியில் முடக்குவது ஒழுங்குமுறை ஆணையம், நீதிமன்றம் அல்ல. நீதிமன்றத் தடையையும் அரை மணி நேர அடைப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சர்வர்காரன்

வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. நகரும் தடையுத்தரவில் புதிய மிரரைச் சேர்க்கும்போது எதிர்த்தரப்பு வருவதில்லை. வராத எதிராளியின் வழக்கில் யார் சரிபார்ப்பது? நீங்கள் பாராட்டும் வேகம் சரிபார்ப்பைத் தின்றுதான் வருகிறது.

வழக்காடி

தவறாக அடைபட்டவர் வந்து கேட்டால் நீக்க வழி இருக்கிறது. தாமதமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் விரும்பும் அளவுக்கு நிதானமாகப் போனால் எண்ணாளன் சொன்ன முதல் வாரம் போய்விடும். இதில் இருவருக்கும் முழுதாகக் கிடைக்கப் போவதில்லை.

பார்க்கிறவரைத் தண்டிக்கும் வழியைப் பிரான்ஸ் முயன்று பார்த்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009-இன் ஹடோப்பி சட்டத்தில் இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை இணைப்புத் துண்டிப்பு. 2012-இல் முதன்முதலில் தண்டனை பெற்றவருக்கு 150 யூரோ அபராதம். பாட்டுகளை இறக்கியது பிரிந்துபோகவிருந்த அவருடைய மனைவி! இணைப்பு அவர் பெயரில் இருந்ததால் அதைக் காக்கத் தவறினார் என்று அவர் மாட்டினார். மறு ஆண்டே துண்டிப்புத் தண்டனையை அரசு எடுத்துவிட்டது. ஐபி முகவரி இணைப்பைக் காட்டும், ஆளைக் காட்டாது.

மூன்றாம்வரிசை

சரி, பார்க்கிறவரைப் பிடிக்க முடியாது, கேமராக்காரரைப் பிடிப்பது கடினம், தளம் செத்துச் செத்துப் பிழைக்கும். நடத்துகிறவர்கள் எப்படித்தான் பிடிபடுகிறார்கள்?

சர்வர்காரன்

காசில். கிக்ஆஸ் டொரண்ட்ஸ் தளத்தை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் 2016 ஜூலையில் போலந்தில் கைதானார். அவர் ஐடியூன்ஸில் காசு கொடுத்து ஏதோ வாங்கிய அதே ஐபியிலிருந்து தளத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்குள்ளும் நுழைந்திருந்தார். உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தவர் தான் மட்டும் காசு கொடுத்து வாங்கி மாட்டினார் என்று அப்போது சிரித்தோம்.

எஃப்மூவிஸ் என்ற ஸ்ட்ரீமிங் தளம் 2024-இல் வியட்நாமில் மூடப்பட்டது. 2023 ஜனவரி முதல் 2024 ஜூன் வரை அந்தக் குடும்பத்துத் தளங்களுக்கு 670 கோடிக்கு மேல் வருகைகள் என்பது ஏஸ் என்ற பைரசி எதிர்ப்புக் கூட்டமைப்பின் கணக்கு. அந்த அளவுக்குப் போனால் விளம்பரப் பணம் எங்காவது ஒரு வங்கிக் கணக்கில் வந்துதானே ஆக வேண்டும். உள்ளூர் போலீஸ் ஒத்துழைத்ததால் நடந்தது. ஒத்துழைக்காத நாட்டில் இருந்திருந்தால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

எடிட்மேசை

இதெல்லாம் பெரியவர்கள் ஆட்டம். வக்கீல் வைக்க முடியாத என் போன்றவர் முதல் இரண்டு நாளில் என்ன செய்யலாம்? வழக்காடி சார், நேரடியாகச் சொல்லுங்கள்.

வழக்காடி

நோட்டீஸ் அனுப்ப வக்கீல் தேவையில்லை. உரிமையாளரே கையெழுத்திட்டு அனுப்பலாம்.

பார்க்கும் பக்கத்தை விடுங்கள், வீடியோ கிடக்கும் ஹோஸ்டைக் கண்டுபிடியுங்கள். பத்துத் தளங்கள் ஒரே கோப்பைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், மூலத்தை எடுத்தால் பத்தும் இருட்டாகும். ப்ராக்ஸிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் கிளவுட்ஃப்ளேரின் புகார்ப் படிவத்தில் எழுதுங்கள். அவர்கள் நீக்க மாட்டார்கள், ஆனால் பின்னால் இருக்கும் ஹோஸ்ட் யார் என்று சொல்வார்கள். கூடவே கூகுளில் தேடல் நீக்கத்துக்கும் கொடுங்கள். தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுத்தால் தள்ளுபடி செய்வார்கள், படம் இருக்கும் பக்கத்தின் முழு முகவரி ஒவ்வொன்றும் வேண்டும்.

யூடியூபின் கன்டென்ட் ஐடி (ஏற்றப்படும் வீடியோவில் உங்கள் படம் இருந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி) உங்களுக்கு நேரடியாகக் கிடைக்காது, பெரிய தொகுப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் தருகிறார்கள். உங்கள் விநியோகஸ்தருக்கோ இசை நிறுவனத்துக்கோ அந்த வசதி இருக்கிறதா என்று ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள்.

நோட்டீஸில் உங்கள் வீட்டு முகவரியைப் போடாதீர்கள். கூகுள் தனக்கு வரும் நோட்டீஸ்களின் பிரதியை லூமென் என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்புகிறது, அங்கே யார் வேண்டுமானாலும் தேடலாம். அலுவலக முகவரியே போதும்.

நீக்கியது தவறு என்று யாராவது எதிர் நோட்டீஸ் கொடுத்தால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ஹோஸ்ட் திரும்ப ஏற்றிவிடுவார். நடைமுறையில் திருட்டுத் தளக்காரர் எதிர் நோட்டீஸ் கொடுப்பது அபூர்வம், பெயரும் முகவரியும் சொல்ல வேண்டியிருக்குமே.

எடிட்மேசை

நன்றி. லூமென் விஷயம் தெரியாது. அடுத்த படத்துக்கு ஒப்பந்தம் போடும் கட்டத்தில்தான் இருக்கிறோம், கன்டென்ட் ஐடி வரியைச் சேர்க்கச் சொல்கிறேன். தேர்வுக் குழுவுக்குத் தனித்தனிப் பிரதி எடுக்க என்ன மென்பொருள் என்று புரொஜெக்டர்அறை தனிமடலில் சொன்னால் உதவியாக இருக்கும்.

புரொஜெக்டர்அறை

இங்கேயே சொல்கிறேன், மற்றவருக்கும் பயன்படும். கண்ணுக்குத் தெரியும் பெயர்க் குறிக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் போதும், இலவசம். பெயர்ப் பட்டியலைக் கொடுத்து ஒரு சின்ன ஸ்கிரிப்டில் ஓட்டிவிட்டால் இரவோடு இரவாக எல்லாப் பிரதியும் தயாராகிவிடும். ஒரே மூலையில் வைக்காதீர்கள், வெட்டிவிடுவார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறும்படி வையுங்கள்.